கெண்ட் கவுண்டியில் திராட்சைத் தோட்டங்கள்: வார இறுதிப் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

"இங்கிலாந்தில் ஒயினா?" என்ற கேள்வியை இன்னமும் கேட்க முடிகிறது. இந்த நாட்டில் இருபது, முப்பது ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட நம்மவர்களே கேட்கிறார்கள். பியரும் சைடரும் விஸ்கியும் இந்தத் தீவின் பானங்கள், ஒயின் என்றால் பிரான்சும் இத்தாலியும் என்பது நாம் பள்ளியில் படித்த பூகோளம். அந்தப் பூகோளம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிவருகிறது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. பரப்பளவு 4,000 ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. இதில் முதலிடம் தென்கிழக்கு மூலையில் உள்ள கெண்ட் கவுண்டிக்கு.

இந்த மாற்றத்தை இரண்டு நாட்களில் நேரில் பார்த்துவிட முடியும். அதற்கு ஏற்ற இடம் கெண்டின் தென்பகுதியில் உள்ள டென்டர்டன் என்ற சிறிய சந்தை ஊர். அதைச் சுற்றி ஆறேழு மைல் தொலைவுக்குள் மூன்று முக்கியமான தோட்டங்கள் இருக்கின்றன. ஒன்றில் 1969ல் கொடி நட்டார்கள், இன்னொன்றில் 1977ல், மூன்றாவதில் 2004ல். இந்த வரிசையிலேயே போய்ப் பார்த்தால், இங்கிலாந்தின் தட்பவெப்பம் அரை நூற்றாண்டில் எப்படி மாறியது, அந்த மாற்றத்தை நம்பி விவசாயிகள் எப்படிப் பணயம் வைத்தார்கள் என்பது புத்தகம் படிப்பதுபோல் புரிந்துவிடும். குடிக்காதவர்களும் தயங்காமல் வரக்கூடிய பயணம் இது.

ஊரைப் பற்றி

டென்டர்டன் பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளில் கம்பளி வணிகத்தால் செழித்த ஊர். அகலமான கடைத்தெருவும், இரு பக்கப் புல்வெளியும், புனித மில்ட்ரெட் தேவாலயத்தின் கோபுரமும் அந்தச் செழிப்பின் மிச்சங்கள். இங்கிலாந்தின் முதல் அச்சகத்தார் வில்லியம் காக்ஸ்டன், தாம் கெண்டின் வீல்ட் பகுதியில் பிறந்தவர் என்று தாமே எழுதிவைத்திருக்கிறார். எந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை. அதனால் அவரைச் சொந்தம் கொண்டாடும் ஊர்களில் டென்டர்டனும் ஒன்று.

வீல்ட் என்பது வடக்கிலும் தெற்கிலும் சுண்ணாம்புக் குன்றுகள் அணைத்து நிற்க, நடுவில் களிமண்ணும் மணற்கல்லுமாகக் கிடக்கும் பழைய காட்டு நிலம். இந்த மண்ணில் இருநூறு ஆண்டுகளாகப் பேர்பெற்ற பயிர் திராட்சை அல்ல, பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடி. 1878ல் இங்கிலாந்தில் 71,000 ஏக்கருக்கு மேல் ஹாப்ஸ் பயிரானது. அதில் பெரும்பங்கு கெண்டில்தான். செப்டம்பர் மாதம் வந்தால் லண்டனின் கிழக்குச் சேரிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக ஹாப்ஸ் பறிக்க வருவார்கள். ஏழைகளுக்கு அதுவே கூலி, அதுவே விடுமுறை. ஜார்ஜ் ஆர்வெல் 1931ல் கெண்டில் அவர்களோடு சேர்ந்து பறித்தார். 1935ல் வெளிவந்த 'எ கிளெர்ஜிமேன்ஸ் டாட்டர்' நாவலில் அந்த அனுபவம் வருகிறது.

வழியெங்கும் கூம்புக் கூரையும் அதன் உச்சியில் வெள்ளைத் தொப்பியுமாக நிற்கும் செங்கல் கட்டடங்கள் கண்ணில் படும். அவை ஹாப்ஸ் உலர்த்திய சூளைகள். இப்போது பெரும்பாலும் வீடுகளாகிவிட்டன. ஹாப்ஸ் போன பிறகு ஆப்பிள், ஆப்பிளுக்கு விலை இறங்கியபோது திராட்சை என்று நிலம் கைமாறி வந்த கதைதான் நமது முதல் தோட்டத்தின் கதையும்.

சனிக்கிழமை: பிடென்டன், 1969

லண்டன் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து ஹெட்கார்னுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேர ரயில் பயணம். ஹெட்கார்னிலிருந்து டென்டர்டன் போகும் வழியிலேயே பிடென்டன் கிராமம் இருப்பதால், முதல் நாள் காலையை இங்கே வைத்துக்கொள்வது வசதி.

கெண்டில் வணிக முறையில் ஒயின் செய்யும் தோட்டங்களில் இதுவே மூத்தது. ஆப்பிள் பயிரிட்டு வந்த ஒரு குடும்பம், வருமானத்துக்கு வேறு வழி தேடி 1969ல் இங்கே கொடி நட்டது. அன்றைக்கு இங்கிலாந்தின் கோடையை நம்பி பிரெஞ்சுத் திராட்சையை நட முடியாது. சீக்கிரம் பழுக்க வேண்டும், குளிரைத் தாங்க வேண்டும். அதனால் அக்காலத்துத் தோட்டக்காரர்கள் ஜெர்மனியில் ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய வகைகளை நாடினார்கள். பிடென்டனுக்குப் பெயர் வாங்கித் தந்த ஓர்தேகா அப்படிப்பட்டது. அதை 1948ல் உருவாக்கிய ஹான்ஸ் பிரைடர், தாம் மதித்த ஸ்பானிய தத்துவ அறிஞர் ஹோசே ஓர்தேகா இ காசெட்டின் பெயரையே அதற்குச் சூட்டினார். ஒரு சிந்தனையாளர் பெயரில் திராட்சை இருப்பது இலக்கிய வாசகர்களுக்குப் பிடித்துப்போகும்.

நம் ஊர்த் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இங்கே முதலில் ஒரு வியப்பு காத்திருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை தலைக்கு மேல் பந்தலில் படர்ந்து, கொத்துகள் நிழலில் தொங்கும். வெயிலுக்கு மறைப்பு வேண்டிய ஊர் அது. இங்கே எதிர்மாறு. மார்பளவு உயரக் கம்பியில் ஒற்றைச் சுவர்போல் கொடியை ஏற்றி, இலையைக் கிள்ளி, கிடைக்கிற வெயிலெல்லாம் பழத்தில் விழும்படி செய்கிறார்கள். கம்பத்தில் ஆண்டு முழுவதும் எங்காவது அறுவடை நடக்கும். இங்கே ஆண்டுக்கு ஒரே அறுவடை, செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை.

பிடென்டனில் சைடரும் ஆப்பிள் சாறும் செய்கிறார்கள். மேற்கு இங்கிலாந்தில் துவர்ப்பான தனி வகை ஆப்பிளில் சைடர் செய்வது வழக்கம். கெண்டில் சாப்பிடவும் சமைக்கவும் பயன்படும் ஆப்பிளிலேயே செய்வதால் புளிப்புத் தூக்கலாக, லேசாக இருக்கும். குடிக்காதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆப்பிள் சாறு இருக்கிறது.

மதியத்துக்கு மேல் டென்டர்டனில் அறை எடுத்துவிட்டு நீராவி ரயிலில் ஏறலாம். கெண்ட் அண்டு ஈஸ்ட் சஸ்ஸெக்ஸ் ரயில்வே 1900ல் தொடங்கி, 1954ல் பயணிகளுக்கு மூடப்பட்டு, 1974ல் ஆர்வலர்களால் மீண்டும் உயிர்பெற்றது. ஹாப்ஸ் பறிப்பவர்களை ஏற்றிவந்த தடம் இது. 2000லிருந்து பொடியம் வரை போகிறது. அங்கே 1385ல் கட்டத் தொடங்கிய, அகழி சூழ்ந்த கோட்டை இருக்கிறது. ஒரு காலத்தில் அதைச் சுற்றிக் கின்னஸ் நிறுவனத்தின் ஹாப்ஸ் தோட்டங்கள் இருந்தன. ரயில் எல்லா நாளும் ஓடுவதில்லை. பயணத் தேதியை முடிவு செய்யும் முன்பே அதன் கால அட்டவணையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஞாயிறு காலை: சேப்பல் டவுன், 1977

டென்டர்டனுக்குத் தெற்கே இரண்டு மூன்று மைலில் ஸ்மால்ஹைத். இங்கே 1977ல் முதல் கொடிகள் நடப்பட்டன. 1990களில் சேப்பல் டவுன் நிறுவனம் வந்து சேர்ந்து, இன்று இங்கிலாந்தின் மிகப்பெரிய ஒயின் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்திருக்கிறது. தொழில் எப்படி நடக்கிறது என்று பார்க்க இதுவே சரியான இடம். ஆலையைச் சுற்றிக் காட்டும் நடைக்கு முன்பதிவு செய்துவிடுங்கள்.

நுரைக்கும் ஒயின் செய்யும் முறையை இங்கே நன்றாகப் புரிந்துகொள்ளலாம். திராட்சை முழு இனிப்பு ஏறும் முன், புளிப்போடு இருக்கும்போதே பறித்துப் பிழிந்து, சாதாரண ஒயினாக ஒருமுறை புளிக்க வைக்கிறார்கள். பிறகு அதைப் புட்டியில் அடைத்து, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். மூடிய புட்டிக்குள் இரண்டாம் முறை புளிக்கும்போது எழும் வாயு வெளியேற வழியில்லாமல் ஒயினிலேயே கரைகிறது. உள்ளே அழுத்தம் சுமார் ஆறு வளிமண்டல அளவுக்கு ஏறும். வேலை முடிந்த ஈஸ்ட் வண்டலாக அடியில் தங்கும். அந்த வண்டலோடு பல மாதங்கள், சில சமயம் பல ஆண்டுகள் கிடக்கும்போதுதான் ரொட்டி சுட்ட மணம் வருகிறது. கடைசியில் புட்டியைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தலைகீழாக்கி, வண்டலைக் கழுத்துக்கு இறக்கி, கழுத்தை மட்டும் உறைய வைத்துத் திறப்பார்கள். உறைந்த வண்டல் துள்ளி வெளியே விழும். உள்ளே தெளிந்த ஒயின் நிற்கும்.

தெளிவு என்றதும் நம் சொல் ஒன்று நினைவுக்கு வருகிறது. சங்கப் பாடல்களில் மதுவைக் குறிக்கும் சொற்களில் 'தேறல்' ஒன்று. தெளிந்தது என்று பொருள். கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கக் குடத்தில் உரைக்கும் தேற்றாங்கொட்டையும் இதே சொல்வழி வந்ததுதான். புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், பாண்டியன் நன்மாறன் அருந்தும் யவனர் தேறலைப் பற்றிச் சொல்கிறார். கடல் கடந்து வந்த ஒயின் நமக்குப் புதிதல்ல.

சர்க்கரை சேர்த்து ஒயினை நுரைக்க வைக்கும் முறையை முதலில் எழுத்தில் பதிந்தவர் ஓர் ஆங்கிலேயர் என்பதை இங்கே பெருமையோடு சொல்வார்கள். கிறிஸ்டோஃபர் மெரெட் என்ற மருத்துவர் 1662ல் ராயல் சொசைட்டியில் அளித்த கட்டுரையில் அது இருக்கிறது. துறவி டோம் பெரிஞ்ஞோன் ஷாம்பெய்னில் தம் மடத்துப் பொறுப்பை ஏற்றது அதற்குப் பிறகுதான்.

தோட்டத்துக்கு அருகிலேயே ஸ்மால்ஹைத் பிளேஸ் என்ற பதினாறாம் நூற்றாண்டு மரச்சட்ட வீடு இருக்கிறது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் புகழ்பெற்ற நடிகை எல்லென் டெர்ரி 1899லிருந்து 1928ல் இறக்கும் வரை இதற்குச் சொந்தக்காரர். இப்போது நேஷனல் டிரஸ்ட் பராமரிப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது. இந்த இடம் ஒரு காலத்தில் துறைமுகம், அரசர்களுக்குப் போர்க்கப்பல் கட்டிய இடம் என்றால் நம்புவது கடினம். கடல் பின்வாங்கி, ஆறு தூர்ந்து, இன்று சுற்றிலும் ஆடு மேயும் புல்வெளி. நிலமும் நீரும் மாறுவது இந்தப் பகுதிக்குப் பழகிய விஷயம்.

ஞாயிறு மதியம்: கஸ்போர்ன், 2004

ரோம்னி மார்ஷ் சதுப்பு நிலத்தை நோக்கி இறங்கும் சரிவில், ஆப்பிள்டோர் கிராமத்தருகே உள்ளது கஸ்போர்ன். நிலத்தின் பெயர் 1410லிருந்து ஆவணங்களில் வருகிறது. ஆனால் கொடி நட்டது 2004ல்தான். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த எலும்பு அறுவை மருத்துவர் ஆண்ட்ரூ வீபர் நட்டவை மூன்றே வகை: ஷார்டனே, பினோ நுவார், பினோ மெனியே. மூன்றும் ஷாம்பெய்ன் பிரதேசத்தின் வகைகள்.

முதல் நாள் காலையில் பார்த்த பிடென்டனோடு இதை ஒப்பிட்டால் பயணத்தின் சாரம் பிடிபடும். 1969ல் இந்த மண்ணில் நம்பி நட முடியாத வகைகளை 2004ல் நம்பி நட்டிருக்கிறார்கள். 1988ல் சஸ்ஸெக்ஸில் நைடிம்பர் தோட்டம் இதில் துணிந்து இறங்கி வழிகாட்டியது. மண் இடையில் மாறிவிடவில்லை. இங்கிலாந்து ஒயின் என்றாலே ஷாம்பெய்னின் சுண்ணாம்புப் பாறைதான் காரணம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. இந்த மூன்று தோட்டங்களும் இருப்பது களிமண்ணிலும் மணலிலும். மாறியது வெப்பம். சில பத்தாண்டுகளுக்கு முன் ஷாம்பெய்னில் இருந்த வளர்பருவச் சூடு, இரண்டு பாகை வடக்கே உள்ள இங்கிலாந்தின் தென்பகுதிக்கு இன்று வந்துவிட்டது.

ஷாம்பெய்ன்காரர்களே இதைக் கவனித்தார்கள். தெத்தன்ஜே நிறுவனம் 2015ல் கெண்டின் சில்லம் அருகே நிலம் வாங்கி, 2017ல் கொடி நட்டு, 2025ல் முதல் ஒயினை வெளியிட்டது. தோட்டத்தின் பெயர் டொமேன் எவ்ரெமாண்ட். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து தப்பி லண்டனுக்கு வந்து, இங்குள்ள பிரபுக்களுக்கு ஷாம்பெய்னைப் பழக்கிய கட்டுரையாளர் சேன் எவ்ரெமாண்டின் நினைவாக வைத்தது. அவர் கல்லறை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கவிஞர் மூலையில் இருக்கிறது. மூன்றாம் நாள் கிடைப்பவர்கள் சில்லம் போய் வரலாம்.

இந்த வெப்பம் தந்தது வரம் மட்டும்தானா என்பது தனிக் கேள்வி. குளிர்காலம் இதமானால் கொடி ஏப்ரலிலேயே துளிர்க்கிறது. அதன்பின் ஒரே இரவு உறைபனி விழுந்தால் துளிர் கருகிவிடும். 2017 ஏப்ரல் கடைசியில் அப்படித்தான் பல தோட்டங்கள் பெருமளவு விளைச்சலை இழந்தன. வரிசைகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கில் மெழுகு விளக்குகள் ஏற்றி விடிய விடியக் காவல் இருப்பதும் உண்டு. 2023ல் இரண்டு கோடி புட்டிகளுக்கு மேல் வரும் அளவுக்கு விளைந்தது, அதுவரை காணாத விளைச்சல். மழையும் நோயும் வந்த அடுத்த ஆண்டே, 2024ல், ஏறக்குறைய பாதியாக விழுந்தது.

இதற்கு நடுவில் முதலீடு எத்தனை காலம் முடங்கிக் கிடக்கிறது என்று பாருங்கள். கஸ்போர்னில் 2004ல் நட்டார்கள். விற்பனைக்கு வந்த முதல் ஒயின் 2006ஆம் ஆண்டுப் பழத்தில் செய்தது. அது கடைக்கு வந்தது 2010ல். ஆறு ஆண்டுகள் செலவு மட்டும்தான். ஒரு புட்டி முப்பது பவுண்டுக்கு மேல் விற்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். தோட்டத்து வாசலிலேயே நேரில் விற்கும் புட்டி இடைத்தரகு இல்லாத வருமானம். சிறு தோட்டக்காரர்கள் நம்மைப்போல் வரும் விருந்தினரை எதிர்பார்ப்பது அதனால்தான்.

ஊர் திரும்ப ஆப்பிள்டோர் ரயில் நிலையம் வசதி. கிராமத்திலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால் டாக்சி தேவை. அங்கிருந்து ஆஷ்ஃபோர்ட், ஆஷ்ஃபோர்டிலிருந்து விரைவு ரயிலில் நாற்பது நிமிடத்துக்குள் லண்டன் செயின்ட் பாங்க்ரஸ்.

கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை

எப்போது போகலாம்? ஜூன் கடைசியில் கொடி பூக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பூ. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம் என்றால் அறுவடையைப் பார்க்கலாம், ஆனால் கூட்டம் இருக்கும். குளிர்காலத்தில் திறந்திருக்கும் நேரம் குறையும்.

வண்டி யார் ஓட்டுவது? இதை வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். இங்கிலாந்தில் சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம். ஸ்காட்லாந்து அதை 2014லேயே 50 ஆகக் குறைத்துவிட்டது. எண்ணை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். ஓட்டுபவர் சொட்டும் தொடாமல் இருப்பதே முறை. டாக்சி என்றால் முன்கூட்டியே பேசிவையுங்கள். கிராமத்துப் பக்கம் நினைத்த நேரத்தில் கிடைக்காது.

எவ்வளவு? ஒரு தோட்டத்தில் 25 மில்லி வீதம் ஆறு வகை சுவைத்தால் 150 மில்லி. ஒயினில் 12 சதவீதம் ஆல்கஹால் என்றால் அது 1.8 யூனிட். மூன்று தோட்டங்களுக்கு 5.4 யூனிட். வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பது இந்த நாட்டு மருத்துவ அறிவுரை. சுவைத்துவிட்டு, மேசையில் வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்பிவிடுவது இங்கே மரியாதைக் குறைவாகாது. தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

சைவமா? ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை ஆகியவற்றைப் பயன்படுத்துவதுண்டு. களிமண் தூளைப் பயன்படுத்துபவர்களும் உண்டு. சைவ உணவுக்காரர்கள் 'வீகன்' என்று புட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்க்கலாம், அல்லது கேட்டுவிடலாம்.

எதை வாங்குவது? 'பிரிட்டிஷ் ஒயின்' என்ற பெயரில் விற்பவை வெளிநாட்டிலிருந்து வந்த திராட்சைச் சாற்றில் செய்த மலிவுச் சரக்கு. 'இங்கிலீஷ் ஒயின்' என்று இருந்தால்தான் இந்த மண்ணில் விளைந்த பழம்.

குடிக்காத பெரியவர்கள் கூட வந்தால்? ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவைத் தோட்டத்துக்குள் ஒரு நடை அழைத்துப் போய்விட்டு, மதியம் சிஸ்ஸிங்ஹர்ஸ்ட் போகலாம். எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட்டும் கணவர் ஹெரால்ட் நிக்கல்சனும் 1930ல் பாழடைந்த நிலையில் வாங்கி உருவாக்கிய பூந்தோட்டம் அது. வர்ஜினியா உல்ஃபின் 'ஆர்லாண்டோ' இந்த வீட்டாவை வைத்து எழுதியதுதான். பக்கத்து ரோல்வென்டனில் உள்ள கிரேட் மேத்தம் மாளிகையின் மதில் சூழ்ந்த தோட்டமே 'தி சீக்ரெட் கார்டன்' கதைக்கு வித்திட்டது என்பார்கள். பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் 1898லிருந்து 1907 வரை அங்கே குடியிருந்தார்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு தோட்டத்திலும் சுவைக்கத் தருபவரிடம் அந்தப் புட்டி எந்த ஆண்டுப் பழம் என்று கேளுங்கள். நுரைக்கும் ஒயினில் பல ஆண்டுகளைக் கலந்து செய்வதும் உண்டு, மோசமான ஆண்டை நல்ல ஆண்டு தாங்கிக்கொள்வதற்காக. ஒரே ஆண்டு என்றால், அந்த ஆண்டில் உறைபனி எப்போது விழுந்தது, மழை எப்போது வந்தது, பழம் எப்போது பறித்தது என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். விவசாயியிடம் விளைச்சலைப் பற்றிக் கேட்டால் எந்த நாட்டிலும் பேச்சு நீளும்.